குழந்தைகளும் நாடக அரங்கும்

இயல், இசை, நாடகம் என மூவகைப்பட்ட தமிழில் நாடகமே கற்றாரையும் கல்லாதாரையும் ஒருங்கே மகிழ்விக்க வல்லது என்று நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். மேடையேறிய காலங்களில் நாமே அவ்வாறு பேசியும் இருக்கிறோம். ஆயினும், அவ்வின்பம் மெய்யாகவே யாவர்க்கும் எட்டுகின்றதா என்று ஆராய்ந்து பார்ப்போர் சிலரே. சில ஆண்டுகளுக்கு முன் நான் கண்ணுற்ற ஒரு சிறு நிகழ்ச்சியே என்னை இவ்வாராய்ச்சியிற் புகுத்தியது.

ஒரு நகரத்து மண்டபத்தில் நாடகம் நடந்துகொண்டிருந்தது. எனக்கு இரண்டு வரிசைக்கு முன்னால் ஒரு தாயும், ஏழெட்டு வயதுடைய அவள் மகனும் அமர்ந்திருந்தனர். அரச வேடந் தாங்கியவர் மேடையில் தோன்றியதும் அச்சிறுவன் மகிழ்ச்சி மேலிட்டு உரக்கக் கூவினான். எழுந்து நின்று இரு கைகளையும் வீசினான். அருகிலிருந்தோர் திரும்பிப் பார்த்தனர். தாய் அவனை மெல்ல அமர்த்தினாள். சற்று நேரங் கழித்து மத்தளம் முழங்கவே, அவன் செவிகளைப் பொத்திக்கொண்டு மீண்டும் கூவினான். மூன்றாம் முறை அவன் குரல் எழுந்தபோது, நிர்வாகிகளுள் ஒருவர் வந்து தாயின் செவியில் ஏதோ சொன்னார். அவள் மறுமொழி ஒன்றும் கூறாது, மகன் கையைப் பற்றிக்கொண்டு வெளியேறினாள். அவள் முகத்திற் சினமில்லை, வியப்புமில்லை. பலமுறை செய்து பழகிப்போன காரியத்தைச் செய்பவள் போலவே நடந்து சென்றாள். அவர்கள் சென்றபின் சபையில் அமைதி நிலவியது. நானும், ‘நல்லதாயிற்று’ என்று எண்ணி நாடகத்தைப் பார்க்கலானேன். வீடு திரும்பும் வழியிலேதான் அந்த எண்ணம் எனக்கே வெட்கத்தை விளைவித்தது.

குற்றம் எவரிடத்தில் உளது? சிறுவன் கலகம் செய்ய வரவில்லை. நாடகத்தைப் பிறரினும் மிகுதியாக அவன் அநுபவித்தான் என்றே சொல்லலாம். தாய் கடமையில் தவறவில்லை. நிர்வாகியும் தம் வேலையைத்தான் செய்தார். அங்ஙனமாயின், குறை அரங்கின் அமைப்பிலேயே இருத்தல் வேண்டும். அவ்வமைப்பு எவ்வாறு தோன்றிற்று, அதனை மாற்ற முயன்றோர் யாவர், அவர் கையாண்ட முறைகள் எவை என்பவற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருளும் மௌனமும்

நாடகம் பார்ப்போர் இருளிலே அசையாது, பேசாது அமர்ந்திருக்க வேண்டும் என்பது தொன்றுதொட்டு வந்த விதியென நம்மிற் பலர் கருதுகின்றனர். அஃது உண்மையன்று. நம் நாட்டுத் தெருக்கூத்தை நோக்குக. இரவு முழுதும் நடைபெறும் அக்கூத்திலே குழந்தைகள் முன்வரிசையில் தரையில் அமர்வர். உறக்கம் வந்தால் அங்கேயே உறங்குவர். வீமன் ஆர்ப்பரிக்குங்கால் விழித்தெழுவர். கட்டியக்காரன் கூத்தின் உள்ளும் புறமும் நின்று, கூடியிருப்போரோடு உரையாடுவான். ஊர்ச் செய்திகளை இடையே புகுத்தி நகைப்பூட்டுவான். அங்கே ‘அமைதி’ என்னும் பலகையை எவரும் தொங்கவிடுவதில்லை.

மேனாட்டிலும் முற்காலத்தில் நிலைமை இவ்வாறே இருந்தது. 1599-இல் இலண்டனில் எழுந்த குளோப் அரங்கில் நாடகங்கள் பகலொளியிலேயே நடைபெற்றன. எளிய மக்கள் மேடையைச் சூழ்ந்த முற்றத்தில் நின்றவாறே அவற்றைக் கண்டனர். நடிகர் முகத்தைச் சபையோரும், சபையோர் முகத்தை நடிகரும் நன்கு காணக்கூடியதாயிருந்தது. இலண்டன் கோவென்ட் கார்டனில் இத்தாலியப் பொம்மலாட்டம் ஒன்றைக் கண்டு களித்ததைச் சாமுவேல் பீப்ஸ் என்பார் 1662 மே 9-ஆம் நாள் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். அவ்வாட்டத்தின் வழித்தோன்றலே பிற்காலத்துப் ‘பஞ்ச்–ஜூடி’ பொம்மை விளையாட்டு. முதுகுப்புறம் வரும் முதலையைக் காணாது நிற்கும் பஞ்சைக் கண்டு, குழந்தைகள் கூவி எச்சரிப்பது அவ்விளையாட்டிற்கு இடையூறன்று. அதுவே அவ்விளையாட்டின் உயிராகும்.

பிறகு மாறுதல் எங்ஙனம் நேர்ந்தது? 1876-இல் ஜெர்மனியிலுள்ள பைரோய்ட் நகரில் வாக்னர் என்னும் இசைப்புலவர் தமக்கென ஓர் அரங்கம் அமைத்து, சபையோர் இருக்கும் பகுதியை இருளாக்கி, அனைவர் கண்ணும் மேடை ஒன்றையே நோக்குமாறு செய்தார். 1881-இல் இலண்டன் சவாய் அரங்கு முழுவதும் மின்விளக்குகள் பொருத்தப்பெற்றன. விளக்கை வேண்டும்போது தணிக்கவும் பெருக்கவும் இயன்றதால், இருளடைந்த சபை எங்கும் வழக்கமாயிற்று. இருளோடு மௌனமும் வந்தது. இதனால் நாடகக்கலை பெற்ற நன்மைகள் பல. மெல்லிய குரலும் நுண்ணிய முகக்குறிப்பும் கடைசி வரிசை வரை எட்டின. ஆயின், எந்த நன்மைக்கும் ஒரு விலை உண்டன்றோ? அவ்விலையைக் கொடுத்தவர் அசையாதிருக்க இயலாதவர். அவருள் முதல்வர் குழந்தைகள்.

சிறார்க்கென எழுந்த அரங்கு

நம் நாட்டில் ‘பாலர் நாடக சபை’கள் பெரும்புகழ் பெற்றிருந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிலே டி. கே. எஸ். சகோதரர்கள் முதலிய பலர் சிறுவராய்ச் சேர்ந்து பயின்று, பின்னர்த் தமிழ் மேடைக்கு அணிகலமாயினர். எனினும் ஒன்றை மறத்தலாகாது. அச்சபைகளில் மேடைமீது நின்றவர் பாலர். எதிரே இருந்தவர் பெரியோர். பாலர் நடிக்கும் நாடகம் வேறு. பாலர்க்காக நடிக்கப்பெறும் நாடகம் வேறு. பின்னதைப் பற்றியே ஈண்டுப் பேசுகின்றோம்.

ஆங்கில நாட்டில் 1904 டிசம்பர் 27-ஆம் நாள் ஜே. எம். பாரி எழுதிய ‘பீட்டர் பான்’ முதன்முதல் மேடையேறியது. அதில் டிங்கர் பெல் என்னும் சிறு தேவதை நஞ்சுண்டு உயிர் துறக்கும் நிலையை அடைவாள். அவள் உருவமாக மேடையில் ஒளிரும் சிறு விளக்கு மங்கிக்கொண்டே வரும். அப்பொழுது பீட்டர் சபையோரை நேரே நோக்கி, தேவதைகள் உண்டென நம்புவோர் கைதட்டுமாறு இரந்து வேண்டுவான். முதல் நாளன்று ஒருவரும் தட்டாவிடில் என் செய்வது என்று பாரி அஞ்சினாராம். ஆதலின், வாத்தியக்காரர்களைத் தம் கருவிகளைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தார். அந்த ஏற்பாட்டிற்குத் தேவையே நேரவில்லை. அன்று தொடங்கிக் கைதட்டல் எழாத நாளில்லை.

மற்றொரு செய்தி இன்னும் சுவையானது. முதலில் எழுதிய நாடகத்தில் குழந்தைகள் எளிதிற் பறக்கக் கற்றுக்கொள்வதாக இருந்தது. அதைக் கண்ட சிறுவர் பலர் வீட்டிற்குச் சென்று கட்டிலினின்றும் பறக்க முயன்று காயமுற்றனர். பெற்றோரின் வேண்டுகோளுக்கிணங்கி, தேவதையின் பொடி மேலே பட்டாலன்றி எவராலும் பறக்க இயலாது என்னும் விதியைப் பாரி பின்னர்ச் சேர்த்தார். குழந்தை நாடகத்தை வெளியில் நின்று காண்பதில்லை. அதனுள்ளே புகுந்து வாழ்கின்றது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ருஷ்ய நாட்டில் 1918-இல், பதினைந்தே வயதான நத்தாலியா சாத்ஸ் என்னும் பெண், மாஸ்கோ நகரத்துச் சிறார்க்கு நாடகமும் இசையும் அளிக்கும் பணியை ஏற்றார். பிற்காலத்தில் அவர் நடத்திய சிறார் அரங்கின் வேண்டுகோளாலேயே புரோகோபீவ் என்னும் இசையாசிரியர் 1936-இல் ‘பீட்டரும் ஓநாயும்’ என்னும் இசைக்கதையை இயற்றினார். பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், ஓநாய்க்குக் கொம்பு என ஒவ்வொரு பாத்திரத்திற்கும் ஒவ்வொரு கருவி அமைந்திருப்பதால், எழுத்தறியாச் சிறுவனும் செவியாலேயே கதையைத் தொடரக்கூடும். மறு ஆண்டே சாத்ஸ் அம்மையார் சிறைப்பட்டு ஐந்தாண்டுகள் துன்புற்றார். எனினும் தம் பணியைக் கைவிடவில்லை. 1965-இல் மாஸ்கோவில் சிறார்க்கென ஓர் இசை நாடக அரங்கை மீண்டும் தோற்றுவித்தார்.

இங்கிலாந்தில் 1953-இல் பிரையன் வே என்பார் தோற்றுவித்த குழுவினர் பள்ளிக்கூட மண்டபங்களிலே, மேடை இன்றி, குழந்தைகள் சூழ்ந்திருக்க நடுவில் நின்று நடித்தனர். புயலடிக்கும் ஓசையைக் குழந்தைகளே எழுப்புவர். காட்டு மரங்களாகவும் அவர்களே நிற்பர். 1965-இல் கோவென்ட்ரி நகரத்துப் பெல்கிரேட் அரங்கினர் மற்றொரு படி மேலேறினர். நடிகரும் உபாத்தியாயருமாகிய சிலர் பள்ளிகட்குச் சென்று, ஒரு வழக்கையோ சிக்கலையோ நடித்துக் காட்டி, அதன் முடிவை மாணவரே ஆய்ந்து கூறுமாறு செய்தனர். ‘கல்வியில் நாடகம்’ என்னும் இயக்கம் அதனின்றும் பல நாடுகட்குப் பரவிற்று.

மெய்ப்பங்கும் பொய்ப்பங்கும்

குழந்தைகள் பங்குபெறும் நாடகம் என்று சொல்லிக்கொள்வன யாவும் அப்பெயர்க்குத் தகுதியுடையன அல்ல. “கேட்கவில்லையே! இன்னும் உரக்கச் சொல்லுங்கள்!” என்று நடிகர் கூவ, குழந்தைகள் தொண்டை வறளக் கத்துவதைப் பல இடங்களிற் காண்கிறோம். அவர்கள் ‘ஆம்’ எனினும் ‘இல்லை’ எனினும் கதை ஒரே வழியில்தான் செல்லும். இது பொய்ப்பங்கு. குழந்தைகள் இதனை விரைவிற் கண்டுகொள்வர்; கண்டுகொண்டபின், கத்துவதில் மட்டும் இன்பங் காண்பர்.

மெய்ப்பங்கின் இலக்கணங்கள் மூன்று எனலாம். முதலாவது, குழந்தையின் செயலால் ஏதேனும் ஒன்று மாறுதல் வேண்டும். டிங்கர் பெல்லின் விளக்கு கைதட்டலுக்குப் பின்னரே ஒளிர்தல் போல. இரண்டாவது, அச்செயல் கதையினின்றும் இயல்பாக எழுதல் வேண்டும். கதையை நிறுத்தி வைத்துவிட்டு விளையாட்டுக் காட்டுதல் ஆகாது. மூன்றாவது, மறுக்கும் உரிமை குழந்தைக்கு இருத்தல் வேண்டும். கூச்சமுள்ள சிறுமியைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்து, ஆயிரம் கண்களுக்கு முன் நிறுத்துவது அவளை நாடகத்திற்குப் பகையாக்கும் செயலாகும். விருந்திற்கு அழைக்கலாம், வாயில் திணித்தல் தகாது. அமர்ந்தவாறே கண்ணால் மட்டும் தொடரும் குழந்தையும் பங்குபெறும் குழந்தையே.

ஐம்புலனுக்கும் உணவு

இதுவரை கூறியவை பெரும்பாலும் கண்டும் கேட்டும் ஓடியாடியும் திரியும் குழந்தைகளைப் பற்றியன. அவ்வாறு இயலாத குழந்தைகளின் நிலை என்ன? இவ்வினாவிற்கு விடை தேடியவர்களுள் இலண்டனைச் சேர்ந்த ‘ஆயிலி கார்ட்’ என்னும் குழுவினர் முதன்மையானவர். டிம் வெப், இசையமைப்பாளர் மாக்ஸ் ரைன்ஹார்ட், அரங்கக் கலைஞர் கிளேர் டி லாயின்ஸ் ஆகிய மூவரும் 1981-இல் அதனை நிறுவினர். தொடக்கத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட மழலைகட்கே அவர்கள் நாடகம் அமைத்தனர். 1988 முதல், கடுமையான அறிவு வளர்ச்சிக் குறைபாடுடைய சிறார்க்கெனவும் நாடகங்கள் இயற்றலாயினர்.

அவர்கள் கண்ட உண்மை யாதெனின், சொல்லால் ஆகிய கதையே நாடகம் என்னும் எண்ணத்தை விட்டாலன்றி இக்குழந்தைகளை அணுக முடியாது என்பதாகும். பார்வையோ செவியோ குன்றிய குழந்தைக்கும் தொடுவுணர்வு உண்டு, மணம் உண்டு, உடல் அசையும்போது தோன்றும் உணர்வு உண்டு. ஆகவே அவர்கள் நாடகத்தில் நறுமணம் கமழும். மெல்லிய காற்று முகத்தில் வீசும். பல்வகைத் துணிகள் விரல்களில் தவழும். இசைக்கருவியின் அதிர்வு உடலெங்கும் பாயும். சிறப்புப் பள்ளிகளில் மருத்துவப் பயிற்சிக்கென அமைந்த வெந்நீர்க் குளங்களிலே, குழந்தைகளும் நடிகரும் நீரில் மிதந்தவாறே நாடகம் நிகழ்த்தியதுமுண்டு. குதிப்பதற்கென இழுத்துக் கட்டிய துணிப்பரப்பின்மீது குழந்தைகளைக் கிடத்தி, மெல்ல அசைத்து நடித்ததுமுண்டு.

ஒரு காட்சிக்கு வரும் குழந்தைகள் மிகச் சிலரே. நடிகர் ஒருவர் ஒரு குழந்தையின் அருகே சென்று, அதன் பெயரைப் பாட்டில் அமைத்துப் பாடுவார். குழந்தை விழி அசைத்தால் அவரும் நிறுத்திக் காத்திருப்பார். முகத்தைத் திருப்பிக்கொண்டால் பின்வாங்குவார். விரலை நீட்டினால் அதுவே அடுத்த காட்சிக்குத் தொடக்கமாகும். நடிகர்க்கு இஃது எளிய வேலையன்று. மனப்பாடம் செய்ததை ஒப்புவிப்பவர் இங்கே நிற்க முடியாது. எதிரிலுள்ள முகத்தை ஏட்டைப் படிப்பது போலப் படிக்க வல்லவரே நிற்க முடியும்.

இதனாற் பயன் பெறுவது குழந்தை மட்டுமன்று. உடன் வந்த தாய் தந்தையரும் ஆசிரியரும், தாம் நாளும் பேணிவரும் குழந்தை புதிதாய் ஒன்றைக் கண்டு முறுவலிப்பதை அருகிருந்து காண்கின்றனர். அக்குழந்தையால் இன்னது இயலாது என்றே பல்லாண்டு கேட்டுவந்தவர்க்கு, இன்னது இயலும் என்று ஒரு நாளேனும் காண்பது சிறிய செய்தியா?

தளர்வுக் காட்சிகள்

எல்லா நாடகங்களையும் இவ்வாறு புதிதாக அமைத்தல் இயலாது. முன்பே நடந்துவரும் பெரிய நாடகங்களை யாவரும் காணச் செய்தற்கு வேறொரு வழி கண்டுபிடிக்கப்பெற்றது. அதனை ஆங்கிலேயர் வழங்கும் பெயரைத் தழுவித் ‘தளர்வுக் காட்சி’ எனலாம்.

அமெரிக்காவில் நியூயார்க்கிலுள்ள ‘தியேட்டர் டெவலப்மெண்ட் பண்டு’ என்னும் ஸ்தாபனத்தார், 2011 அக்டோபர் 2-ஆம் நாள் ‘லயன் கிங்’ நாடகத்தின் ஒரு காட்சிக்குரிய இருக்கைகள் அனைத்தையும் வாங்கி, ஆட்டிசம் உடைய குழந்தைகளின் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் அளித்தனர். ஆட்டிசம் உடையோருட் பலர்க்குத் திடீர் ஓசையும் பளிச்சிடும் ஒளியும் பொறுக்கவொண்ணாத் துன்பத்தைத் தரும். எதிர்பாராத மாறுதல் அச்சத்தை விளைவிக்கும். ஆதலின், அன்று பேரோசைகள் தணிக்கப்பெற்றன. கண்ணைப் பறிக்கும் ஒளிகள் நீக்கப்பெற்றன. இளைப்பாறுதற்கு அமைதியான இடங்கள் வெளியே ஒதுக்கப்பெற்றன. பயிற்சி பெற்ற தொண்டர்கள் உதவிக்கு நின்றனர். அரங்கிற்கு வருவது எப்படி, வரிசையில் நிற்பது எங்கே, விளக்கு மங்கினால் என்ன பொருள் என்பவற்றைப் படங்களுடன் விளக்கும் சிறு கதைச்சுவடி முன்னரே குடும்பங்களுக்கு அனுப்பப்பெற்றது. கதையும் பாட்டும் நடிப்பும் மாறவில்லை. சூழ்நிலை ஒன்றே மாறிற்று. இத்தகைய காட்சிகள் பின்னர்ப் பிற நாடகங்களுக்கும் பரவின.

அதே 2011-இல் இங்கிலாந்தில் வேறொன்று நிகழ்ந்தது. ஜெஸ் தாம் என்னும் அம்மையார்க்கு டூரெட் என்னும் நரம்புக் குறைபாடு உண்டு. அவர் வேண்டாமலே சொற்களும் அசைவுகளும் அவரிடத்துத் தோன்றும். ஒரு நகைச்சுவை நிகழ்ச்சிக்கு அவர் சென்றிருந்தபோது, சபையோர் சிலர் முறையிட்டதால், இடைவேளைக்குப்பின் ஒலிக்கருவியாளர்க்குரிய அறையில் தனித்து அமருமாறு வேண்டப்பெற்றார். அவர் அழுது, இனி அரங்கிற்கே வருவதில்லை என்று எண்ணினார். பின்னர் அவ்வெண்ணத்தை மாற்றிக்கொண்டு, ஒருவரும் தம்மை எழுப்பிவிட இயலாத ஓர் இருக்கை மேடைதான் என்று தெளிந்து, 2014-இல் தாமே ஒரு நாடகம் அமைத்து எடின்பரோவில் அரங்கேற்றினார். தளர்வுக் காட்சியின் தேவையை ஆங்கில நாட்டார் பலர் உணர்வதற்கு அவர் முயற்சி பெருந்துணையாயிற்று.

செவிப்புலனும் கட்புலனும் குன்றியோர்க்குரிய முறைகளும் சில உள. செவி கேளாதோர்க்குச் சைகை மொழியில் ஒருவர் பெயர்த்துரைப்பார். அவர் மேடையின் ஓர் ஓரத்தில் நிற்பாராயின், குழந்தை அவரையும் நடிகரையும் மாறி மாறி நோக்கிக் களைப்படையும். ஆதலின் அவரையும் நாடகத்தில் ஒரு பாத்திரமாகவே அமைத்துவிடுதல் சிறந்தது. கண் தெரியாதோர்க்கு, நடிகர் பேசாத இடைவெளிகளில் மேடையில் நிகழ்வதை ஒருவர் செவிக்கருவி வழியே சுருக்கமாக எடுத்துரைப்பார். 1981-இல் வாஷிங்டன் நகரத்து அரீனா அரங்கில் மார்கரெட், கோடி பான்ஸ்டீல் ஆகிய இருவர் இம்முறையை ஒழுங்குற அமைத்தனர். நாடகம் தொடங்கும் முன்னரே கண் தெரியாக் குழந்தைகளை மேடைக்கு அழைத்து, வாளையும் கிரீடத்தையும் ஆடைகளையும் தொட்டுணரச் செய்வதும் வழக்கம். கிரீடத்தின் பாரத்தைக் கையில் ஏந்திய குழந்தைக்கு, பின்னர் ‘அரசன் வருகிறான்’ என்னும் சொல் வெறுஞ்சொல்லாய் இராது.

சில ஆட்சேபங்கள்

இவற்றிற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் நேர்மையாக ஆராய்தல் முறையாகும்.

‘கட்டணம் கொடுத்து வந்த பிறர்க்கு இடையூறாகாதா?’ என்பது முதல் ஆட்சேபம். இதில் உண்மை இல்லாமலில்லை. அமைதியை வேண்டி வருவோர்க்கும் உரிமை உண்டு. மிக நுண்ணிய நாடகங்கட்கு அமைதி இன்றியமையாததே. ஆகவேதான், பல காட்சிகளுள் ஒன்றை மட்டும் தளர்வுக் காட்சியென முன்னறிவித்து நடத்துகின்றனர். அங்கு வருவோர் ஓசையை எதிர்பார்த்தே வருவர். எவரும் திரும்பி முறைக்கமாட்டார்.

‘அங்ஙனமாயின், அது பிரித்து வைத்தலன்றோ? அவர்கட்கென ஒரு நாள் ஒதுக்கிவிட்டு, ஏனைய நாள்களில் கதவை அடைப்பது நியாயமோ?’ என்பது இரண்டாவது. இது முன்னதினும் வலியுடையது. 2015-இல் நியூயார்க்கில் ‘தி கிங் அண்டு ஐ’ நாடகம் நடந்துகொண்டிருக்கையில், ஆட்டிசம் உடைய ஒரு குழந்தை அலறியது; சபையிற் சிலர் வெறுப்புற்றுத் தாயையும் குழந்தையையும் வெளியேற்றுமாறு கூவினர். அந்நாடகத்தில் நடித்த கெல்வின் மூன் லோ என்பார், அன்றிரவே தாயின் சார்பில் நின்று முகநூலில் எழுதினார். அது தளர்வுக் காட்சியன்று; சாதாரணக் காட்சியே. நாடகம் குடும்பங்களுக்குரியது என்று கூறிவிட்டு, ஒருசில குடும்பங்களுக்கு மட்டும் உரியதாக்கலாகாது என்பது அவர் கருத்து. தளர்வுக் காட்சி முடிந்த முடிபன்று; ஒரு படிக்கல்லே என்று கொள்வது பொருந்தும். அங்கே ஒருமுறை வந்து பழகிய குழந்தை பின்னர் எந்தக் காட்சிக்கும் வரக்கூடும். அத்தகைய குழந்தையோடு ஒருமுறை அமர்ந்து பழகிய சபையோரும் பின்னர் முறைக்கமாட்டார். பயிற்சி இருசாரார்க்கும் வேண்டும்.

‘செலவு மிகுமே’ என்பது மூன்றாவது. வெந்நீர்க் குளத்து நாடகத்திற்குச் செலவு மிகுதிதான். ஆனால் விளக்கை முற்றும் அணையாதிருக்க என்ன செலவு? கதவைத் திறந்து வைக்க என்ன செலவு? ‘எழுந்து நடக்கலாம், பேசலாம், வெளியே சென்று திரும்பி வரலாம்’ என்று நாடகம் தொடங்குமுன் ஒருவர் வந்து கூற என்ன செலவு? குறைவது பொருளன்று, நினைவே.

நாம் செய்யக்கூடியது

1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, ஓய்விற்கும் விளையாட்டிற்கும் கலை வாழ்விற் பங்குகொள்வதற்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமை உண்டெனக் கூறுகின்றது. 1992-இல் இந்தியாவும் அதனை ஏற்றது. நம் நாட்டில் 2016-இல் இயற்றப்பெற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஆட்டிசம் உள்ளிட்ட 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, கலை, பொழுதுபோக்கு ஆகியவற்றிலும் அவர்கட்கு இடமளிக்க வேண்டுமென விதிக்கின்றது. ஆகவே இது தருமத்தைப் பொறுத்த காரியம் மட்டுமன்று, உரிமையைப் பொறுத்ததுமாகும். எனினும், சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே வருவோரை நோக்கிப் புன்முறுவல் செய்யச் சட்டத்தால் இயலாது. அது நம் கையிலேயே உளது.

மாணவ நண்பர்களே, ஆண்டுதோறும் நம் நாடகக் கழகத்தார் பெரும் பிரயாசையுடன் நாடகங்கள் நடத்துகின்றனர். இறுதி ஒத்திகையை வெற்று நாற்காலிகளுக்கு முன் நடத்துவதே வழக்கம். அவ்வொத்திகை நாளிலே, அருகிலுள்ள சிறப்புப் பள்ளிக் குழந்தைகளையும் அவர்தம் குடும்பத்தாரையும் அழைத்தல் ஆகாதா? சில நாள் முன்னதாக இருவர் அப்பள்ளிக்குச் சென்று, எவ்வோசை அக்குழந்தைகளை அச்சுறுத்தும், எது மகிழ்விக்கும் என்று ஆசிரியரிடம் கேட்டறிந்து வரலாம். மண்டபத்தின் படங்களையும் நடிகர் படங்களையும் ஒட்டிய சிறு சுவடி ஒன்று தயாரித்து அனுப்பலாம். அன்று விளக்குகளைப் பாதியளவு எரியவிட்டு, ஒலிபெருக்கியைத் தணித்து, முன்னே சில பாய்களை விரித்து, பக்கத்து வகுப்பறை ஒன்றை அமைதிக்கென ஒதுக்கிவைக்கலாம். அரசன் கொடுவாளோடு தோன்றுமுன், அவ்வேடந் தாங்கியவர் வேடமின்றி வந்து தம் பெயரைச் சொல்லி வணங்கி, ‘நான்தான் சற்று நேரத்தில் அரசனாக வரப்போகிறேன்’ என்று கூறலாம். இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை.

நடிப்போர்க்கும் இதனால் இழப்பில்லை. எந்த வரியில் சபை உண்மையாகவே விழித்தெழுகின்றது, எந்த வரியில் சோர்கின்றது என்பதை நாகரிகத்தால் நாவடங்கிய பெரியோர் தெரிவிப்பதில்லை. குழந்தைகள் உடனே தெரிவித்துவிடுவர். அவரினும் நேர்மையான விமரிசகர் கிடைப்பது அரிது.

அன்று மண்டபத்தினின்றும் வெளியேறிய அந்தத் தாயும் மகனும் எங்கே இருக்கின்றனரோ, அறியேன். அச்சிறுவன் இப்பொழுது வளர்ந்திருப்பான். அரசனைக் கண்டதும் அவன் எழுந்து நின்று கைவீசிய காட்சி மட்டும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. அவ்வரசனை அத்துணை மகிழ்ச்சியோடு வரவேற்றவர் அச்சபையில் வேறொருவரும் இல்லை.